பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தேதி

இரவில் ஓடும் பேட்ச் ஜாப்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். புரொடக்ஷன் சப்போர்ட் என்பார்கள். சென்னையில் நைட் ஷிஃப்டில் உட்கார்ந்துகொண்டு, எங்கெங்கோ இருக்கும் சர்வர்களுக்கு வந்து சேரும் ஃபைல்களைக் கவனிக்க வேண்டும். கிளைகளிலிருந்தும் கூட்டாளி நிறுவனங்களிலிருந்தும் ஃபைல் வரும். ஒரு புரோகிராம் அதை எடுத்துப் படித்து, டேட்டாபேஸில் ஏற்றிவிட்டு, வேறு டைரக்டரிக்கு நகர்த்திவிடும். விடிந்ததும் வாடிக்கையாளர் பக்கமிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நேற்று ராத்திரி அந்த ஃபைல் வந்ததா? எத்தனை மணிக்கு வந்தது?"

காலையில் டைரக்டரியைத் திறந்து பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஃபைல் எப்போதோ அங்கிருந்து போயிருக்கும். ராத்திரி 10:50-க்கு அங்கே என்ன இருந்தது என்பதை ராத்திரி 10:50-க்கே எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டைரக்டரியின் பட்டியலை எடுப்போம். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பட்டியல் எடுத்த தேதியையும் நேரத்தையும் ஒட்டுவோம். ஒரு லாக் ஃபைலின் அடியில் அதைச் சேர்த்துக்கொண்டே போவோம். ஷெல் ஸ்கிரிப்டில் இது இரண்டு மூன்று வரிக்கு மேல் போகாது. ஆனால் இந்தத் தொழிலில் நான் நம்பிக்கையோடு சொன்ன பதில்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு மூன்று வரியிலிருந்து வந்தவை.

பட்டியலைத் தரும் எல்எஸ் கமாண்டே தேதி காட்டுகிறதே, தனியாக எதற்கு ஒட்ட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1971-இல் வெளிவந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே எல்எஸ் உண்டு. டேட் கமாண்டும் உண்டு. எல்எஸ் மைனஸ் எல் என்று கொடுத்தால் அனுமதி, இணைப்பு எண்ணிக்கை, உரிமையாளர், குழு, அளவு, தேதி, பெயர் என்று வரிசையாக வரும். அந்தத் தேதியைக் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். அண்மையில் மாறிய ஃபைல் என்றால் மாதம், நாள், மணி வரும், ஆண்டு வராது. ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் மாதம், நாள், ஆண்டு வரும், மணி வராது. லினக்ஸில் ஓடும் க்னூ எல்எஸ்ஸில் இந்த ஆறு மாதத்துக்குத் துல்லியமான அளவே இருக்கிறது. ஓர் ஆண்டின் சராசரி 3,15,56,952 விநாடிகளில் சரிபாதி, அதாவது 1,57,78,476 விநாடிகள்.

திரைக்கு முன்னால் இப்போது உட்கார்ந்திருப்பவருக்கு இந்த ஏற்பாடு மிகவும் வசதியானது. போன வாரம் மாறிய ஃபைலுக்கு ஆண்டு எதற்கு? மூன்று வருடத்துக்கு முந்தைய ஃபைலுக்கு மணி எதற்கு? ஆனால் அதே பட்டியலை ஒரு ஃபைலில் சேமித்து வைத்து அடுத்த வருடம் எடுத்துப் பாருங்கள். "டிசம்பர் 28 23:10" என்று ஒரு வரி இருக்கும். எந்த டிசம்பர்? பட்டியலை 2005 ஜனவரியில் எடுத்திருந்தால் அது 2004. 2006 பிப்ரவரியில் எடுத்திருந்தால் 2005. பட்டியலுக்குள் அதற்குப் பதில் இல்லை. எடுத்த நாள் தெரிந்தால்தான் உள்ளே இருக்கும் தேதிக்கே பொருள் வரும். எல்எஸ் இப்போது படிக்கிறவருக்காக எழுதப்பட்ட கமாண்ட். நாங்கள் வேலை செய்வதோ பிறகு படிக்கப்போகிறவருக்காக.

இதே விதியில் எனக்கு உதவிய இன்னொரு நுணுக்கம் உண்டு. க்னூ எல்எஸ், எதிர்காலத் தேதி உள்ள ஃபைலுக்கும் மணியை விட்டுவிட்டு ஆண்டைத்தான் காட்டும். சற்று முன் வந்து இறங்கிய ஃபைலுக்கு நேராக ஆண்டு தெரிந்தால், அனுப்பியவருடைய சர்வரின் கடிகாரம் நம்முடையதைவிட முந்தி ஓடுகிறதா என்று முதலில் பார்ப்பேன். ஃபைலின் நேரத்தை அப்படியே சுமந்துவரும்படி ஆர்சிங்க் போன்ற கருவிகளில் அனுப்பும்போது இது நடக்கும்.

தேதி ஒட்டும் முறையை எனக்குக் காட்டியவர் என்னுடைய முதல் டீம் லீட். 2000-களின் தொடக்கத்தில் சோலாரிஸ், ஏஐஎக்ஸ் என்ற யூனிக்ஸ் வகைகளே எங்கள் அன்றாடம். எல்எஸ்ஸின் வெளியீட்டைப் பைப் வழியாக செட் என்ற கருவிக்கு அனுப்பி, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் டேட் கமாண்ட் தரும் சொல்லைச் செருகும் ஒற்றை வரி அது. கூடவே அவர் கற்றுக்கொடுத்த பாடம்: நாள், மாதம், ஆண்டு இவற்றுக்கு இடையே சாய்கோடு போட்டுத் தேதியை அமைத்தால் செட் குழம்பிவிடும். செட் தன் கட்டளையின் பகுதிகளைப் பிரிக்க வழக்கமாகப் பயன்படுத்துவதும் அதே சாய்கோடுதான். தேதிக்குள் வரும் கோட்டைக் கட்டளையின் முடிவாக எடுத்துக்கொள்ளும். பிரிக்கும் குறியைச் செங்குத்துக் கோடாக மாற்றிக்கொள்ளலாம். தேதியில் சாய்கோட்டையே தவிர்த்துவிடுவது இன்னும் நல்லது.

செட்டுக்குப் பதில் ஆக் என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் மைனஸ் வி என்ற ஆப்ஷனில் தேதியை ஒரு மாறியாக உள்ளே கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அச்சிடச் சொல்வார்கள். சோலாரிஸில் சாதாரண ஆக் பழைய வடிவம். அதற்கு மைனஸ் வி தெரியாது. அங்கே நாக் என்ற புதிய ஆக்கைக் கூப்பிட வேண்டும். ஒரு சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட் பக்கத்து சர்வரில் ஓடாமல் போவதற்கு இப்படிப்பட்ட சின்னச் சின்ன வேறுபாடுகளே காரணம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு யூனிக்ஸின் குணத்தையும் தெரிந்துவைத்திருப்பது ஒரு தனித் திறமையாகவே மதிக்கப்பட்டது.

எந்தக் கருவியானாலும் நான் விடாப்பிடியாக நிற்கும் ஒரு விஷயம், டேட் கமாண்டை ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை கூப்பிட்டு மாறியில் வைத்துக்கொள்வது. வேண்டிய இடத்திலெல்லாம் புதிதாகக் கூப்பிட்டால், 23:59:59-க்குத் தொடங்கும் ஓட்டத்தில் லாக் ஃபைலின் பெயரில் ஒரு தேதியும் உள்ளே இருக்கும் வரிகளில் அடுத்த நாள் தேதியும் விழும். பேட்ச் ஜாப்கள் நள்ளிரவை ஒட்டியே ஓடுகின்றன என்பதால் இது அபூர்வமான சம்பவம் இல்லை. ஒரு ஓட்டத்துக்கு ஒரு நேரம். அந்த ஓட்டத்தில் எழுதப்படும் எல்லாவற்றிலும் அதே நேரம்.

எந்த வடிவத்தில் தேதி போடுவது என்பதில் எங்கள் டீமில் நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு 03/04 என்பது மார்ச் 4. நமக்கு ஏப்ரல் 3. இரண்டு பக்கமும் படிக்கும் லாகில் இந்த வடிவத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. 1988-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 8601 தரம் ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்குப் போகிறது. 2009-03-31 என்று எழுதினால் உலகில் யாரும் தவறாகப் படிக்க வழியில்லை. இன்னொரு பெரிய ஆதாயம், இந்த வடிவத்தில் அகரவரிசையும் கால வரிசையும் ஒன்றே. வரிசைப்படுத்தும் சார்ட் கமாண்டுக்குத் தேதி என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. எழுத்துகளை வரிசைப்படுத்தினாலே நாட்கள் வரிசையாகிவிடும். டேட் கமாண்டில் பிளஸ் குறிக்குப் பின் சதவீதக் குறியும் கேபிடல் எஃப்பும் போட்டால் இது அப்படியே கிடைக்கும்.

நேரத்தோடு மண்டல வித்தியாசத்தையும் எழுதச் சொல்வேன். இந்தியாவுக்கு +0530. நம் நாட்டில் கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளும் வழக்கம் இல்லாததால் இதன் அருமை இங்கே எளிதில் புரியாது. நியூயார்க் நேரத்தில் ஓடும் சர்வரில் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 1 மணிக்குத் திரும்பும். அன்று 1:30 இரண்டு முறை வரும். முதல் 1:30-க்குப் பக்கத்தில் -0400 என்றும் இரண்டாவதற்கு -0500 என்றும் இருந்தால்தான் எது முந்தியது என்று சொல்ல முடியும்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒருமுறை என் ஸ்கிரிப்டைப் படித்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, எதுக்கு ஒவ்வொரு வரியிலயும் தேதி? மேல ஒரு தடவ போட்டா போதாதா? லாக் வேற பெருசாகுது."

"நாளைக்கு ஒரு ஃபைல் பேர வச்சு க்ரெப் பண்ணுவல்ல? அப்ப உன் கைக்கு வர்றது அந்த ஃபைல் பேர் இருக்குற வரி மட்டும்தாம்மா. மேல போட்ட தேதி கூட வராது."

அவள் உடனே க்ரெப் அடித்துப் பார்த்தாள். ஒரு மாத லாகிலிருந்து ஒரே ஃபைலின் வரிகள் மட்டும், ஒவ்வொன்றும் தன் தேதியோடு, கீழே கீழே வந்து நின்றன. எந்த நாளில் எத்தனை மணிக்கு முதன்முதலாகத் தென்பட்டது, எத்தனை மணிக்கு மறைந்தது என்று ஒரே பார்வையில் தெரிந்தது. லாகின் வரிகள் ஒன்றாக எழுதப்பட்டாலும் தனித்தனியாகத்தான் பயணம் செய்கின்றன. க்ரெப்பில் போகும், மெயிலில் ஒட்டப்படும், எக்ஸெலில் ஏறும். எங்கே போனாலும் தன் சாட்சியைத் தானே சொல்லும்படி ஒவ்வொரு வரியும் முழுமையாக இருக்க வேண்டும்.

இந்த ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போடும்போது தடுமாறாதவர்கள் குறைவு. டெர்மினலில் சரியாக ஓடிய அதே வரி, கிரான்டேபில் எழுதியதும் ஓட மறுக்கும். காரணம் சதவீதக் குறி. கிரான்டேபில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு: முதல் சதவீதக் குறியோடு கமாண்ட் முடிந்தது என்று கிரான் எடுத்துக்கொள்ளும்; மீதியை அந்தக் கமாண்டுக்கு உள்ளீடாகத் தள்ளிவிடும். டேட் கமாண்டின் வடிவமெல்லாம் சதவீதக் குறியில்தான் தொடங்குகிறது என்பதால், தேதி ஒட்ட நினைக்கிறவர்கள் அத்தனை பேரும் இந்தக் கல்லில் கால் இடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு சதவீதக் குறிக்கு முன்னாலும் பின்சாய்கோடு போடலாம். நான் அதைச் செய்வதில்லை. வேலை முழுவதையும் ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலில் எழுதி, கிரான்டேபில் அந்த ஃபைலின் முழுப் பாதையை மட்டும் கொடுப்பேன். பின்னால் வருகிறவர் படித்துப் புரிந்துகொள்ளவும் அதுதான் எளிது.

கிரானில் இன்னொரு விஷயம். நாம் லாகின் செய்யும்போது கிடைக்கும் சூழல் அங்கே கிடைக்காது. பாத் சுருக்கமாக இருக்கும். மொழி அமைப்பும் வேறாக இருக்கலாம். லினக்ஸில் தமிழ் லோகேலைப் போட்டு டேட் கமாண்டை ஓட்டினால் மாதப் பெயர் தமிழில் வரும். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் "ஜேன்", "ஃபெப்" என்று ஆங்கிலச் சுருக்கத்தை எதிர்பார்த்து எழுதிய ஸ்கிரிப்ட் அங்கே நின்றுவிடும். தேதி அமைப்பு மாறினால் பத்திகளின் எண்ணிக்கையும் மாறும். வழக்கமான எல்எஸ் பட்டியலில் ஃபைல் பெயர் 9-ஆவது பத்தி. ஆண்டு-மாதம்-நாள் என்று காட்டும் லாங் ஐஎஸ்ஓ பாணியில் அது 8-ஆவது பத்தி. ஆகவே ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எல்சி ஆல் என்ற மாறியை சி என்று வைத்துவிடுவேன். க்னூ எல்எஸ் இருக்கும் இடத்தில் டைம் ஸ்டைல் ஆப்ஷனையும் வெளிப்படையாகக் கொடுத்துவிடுவேன். அப்போது பழைய ஃபைல், புதிய ஃபைல் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாவற்றுக்கும் ஆண்டும் மணியும் சேர்ந்தே வரும்.

நேற்றைய தேதி தேவைப்படும் இடங்களும் உண்டு. நள்ளிரவுக்குப் பின் ஓடும் ஜாப், முந்தைய வணிக நாளின் பட்டியலைத் தொகுக்க வேண்டும். லினக்ஸில் டேட் கமாண்டிடம் நேற்று என்று சொன்னாலே போதும். ஏஐஎக்ஸிலும் சோலாரிஸிலும் அந்த வசதி இல்லை. அங்கே நேர மண்டலத்தை வைத்து ஒரு வேலை செய்வோம். டிஇசட் மாறியில் இந்திய நேரத்தை ஐஎஸ்டி -5:30 என்று எழுத வேண்டும். போசிக்ஸ் முறையில் கிரீன்விச்சுக்குக் கிழக்கே மைனஸ், மேற்கே பிளஸ். அதோடு 24 மணி நேரத்தைக் கூட்டினால் 18:30. அந்த ஒரு கமாண்டுக்கு மட்டும் டிஇசட்டை ஐஎஸ்டி +18:30 என்று வைத்து டேட்டைக் கூப்பிட்டால், இயந்திரம் தான் ஒரு நாள் பின்னால் இருக்கும் ஊரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு நேற்றைய தேதியைத் தரும். மாதக் கடைசியோ லீப் ஆண்டோ எதையும் நாம் கணக்குப் போட வேண்டாம். இதைக் கண்டுபிடித்தவர்களை நினைத்து இன்றும் வியக்கிறேன்.

இவ்வளவு கவனமாகத் தேதி ஒட்டுவது எதற்கு என்பது மாதக் கடைசியிலும் மார்ச் 31 இரவிலும் விளங்கும். ஒரு மார்ச் 31 அன்று, இரவு 11 மணிக்குள் வர வேண்டிய ஃபைல் அன்றைய கணக்கில் சேரவில்லை. அனுப்பிய தரப்பு, நாங்கள் நேரத்துக்கு அனுப்பிவிட்டோம், ஃபைலின் தேதியைப் பாருங்கள், 22:48 என்று இருக்கிறது என்றது. அது உண்மைதான். ஃபைலில் 22:48 என்றே இருந்தது. ஆனால் யூனிக்ஸ் ஃபைலில் காணும் அந்த நேரம், உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். நேரத்தைப் பாதுகாத்து நகல் எடுத்தால், அனுப்பியவர் ஊரில் எழுதி முடித்த நேரமே இங்கேயும் தெரியும். டச் கமாண்டால் அதை விரும்பியபடி மாற்றவும் முடியும். கடிதத்தின் மேலே எழுதியவர் போடும் தேதி ஒன்று, தபால் நிலையம் குத்தும் முத்திரையின் தேதி இன்னொன்று அல்லவா? ஃபைலின் தேதி அனுப்பியவர் சொல்வது. பட்டியலின் தேதி நாம் நேரில் கண்டது.

எங்கள் லாகில் 22:50, 22:55, 23:00 மூன்று பட்டியல்களிலும் அந்த ஃபைல் இல்லை. 23:05-இல் முதல்முறையாகத் தெரிந்தது. 23:10-இல் அதே பெயர், ஆனால் அளவு இன்னும் பெரியது. 23:15-இல் இன்னும் பெரியது. 23:20-க்குப் பிறகு அளவு மாறவில்லை. ஃபைல் 11 மணிக்குப் பிறகுதான் வரத் தொடங்கியது, முழுதாக வந்து சேரவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது என்று அந்த வரிகளே சொல்லின. கான்ஃபரன்ஸ் காலில் நான் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. வரிகளை மெயிலில் ஒட்டி அனுப்பினேன். அனுப்பிய தரப்பு தன் பக்கத்து நெட்வொர்க்கைப் பார்க்கப் போனது; தாமதத்தின் காரணம் அங்கேதான் இருந்தது. அன்றிலிருந்து பெரிய ஃபைல்களைத் தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுதாக வந்த பிறகு உண்மைப் பெயருக்கு மாற்றுவது என்றும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரே நொடிப்பில் நடக்கும். பாதி வந்த ஃபைலை யாரும் எடுத்துவிட முடியாது.

இன்று இந்த வேலைக்கு வசதிகள் பெருகிவிட்டன. மோர்யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள டிஎஸ் என்ற கருவி, வரும் ஒவ்வொரு வரிக்கும் நேரத்தை ஒட்டித் தந்துவிடும். 2011-இல் வந்த பாஷ் 4.2-இலிருந்து, டேட்டைக் கூப்பிடாமல் ஷெல்லின் பிரிண்ட்எஃப்பே தேதி எழுதும். க்னூ ஃபைண்டில் பிரிண்ட்எஃப் ஆப்ஷன் இருக்கிறது. ஃபைல் பெயருக்குள் இடைவெளி வந்தால் எல்எஸ் வரியைப் பத்தி பிரித்துப் படிப்பதில் வரும் குழப்பம் அதில் இல்லை. புதிதாக எழுதுகிறவர்கள் ஃபைண்டையே பயன்படுத்தட்டும். கிளவுடில் சேமித்த ஃபைல்களின் பட்டியல் எடுத்தால் ஒவ்வொன்றின் மாறிய நேரமும் ஆண்டோடு முழுமையாக வருகிறது. ஆனால் அந்தப் பட்டியலை நாம் எந்த நொடியில் எடுத்தோம் என்பதை அங்கேயும் நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இளையவர்களின் ஸ்கிரிப்டைப் பார்க்கும்போது நான் கடைசியாகத் தேடுவது ஒரு வரியை. எல்எஸ் பட்டியலின் தலையில் டோட்டல் என்று ஒரு வரி வரும். பட்டியலின் ஃபைல்கள் வட்டில் எத்தனை பிளாக் இடம் பிடித்திருக்கின்றன என்பதன் கூட்டுத்தொகை அது. ஃபைல் பெயர் இல்லாத வரி என்பதால் பெரும்பாலோர் அதை முதல் வேலையாக வெட்டிவிடுவார்கள். வெட்டினால், டைரக்டரி காலியாக இருக்கும் நேரத்தில் பட்டியலில் ஒரு வரியும் மிஞ்சாது. வரி இல்லையென்றால் தேதி ஒட்ட இடமும் இல்லை. பிறகு லாகைப் படிக்கிறவருக்கு, டைரக்டரி காலியாக இருந்ததா, ஸ்கிரிப்டே ஓடவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மார்ச் 31 இரவில் 22:50, 22:55, 23:00 மூன்றுக்கும் எங்களிடம் இருந்தது "டோட்டல் 0" என்ற வரி மட்டும்தான். ஃபைண்டுக்கு மாறினாலும், ஒன்றும் கிடைக்காதபோது காலி என்று ஒரு வரியைத் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். வந்ததற்கு ஃபைலே சாட்சி சொல்லும். வரவில்லை என்பதற்கு அந்த நேரத்தில் நாம் எழுதி வைத்ததைத் தவிர வேறு சாட்சி கிடையாது.